மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்!



போன இதழில் பித்தவெடிப்புக்கு என்ன செய்யலாம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த வாசகி ஒருவர், "பாதத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். சரி, அந்தப் பாதம் அடுப்படிக்கும் கொல்லைக்கும் தவிர வேறு எங்கே போகிறது?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால், என் பாதங்கள் போன ஒரு இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்காவது உபயோகப்படும்.

நான் புதுக்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. திருச்சிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நார்த்தாமலைக் குன்றுகள் ஜன்னலில் தெரியும். மரம் மட்டை அதிகம் இல்லாத மொட்டைப் பாறைகள். ஒன்றன் பின் ஒன்றாக யானைகள் படுத்திருப்பது போல இருக்கும். பங்குனித் திருவிழாவுக்கு முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறோம். கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம். அண்ணாந்து மலையைப் பார்த்து, "மேலே போயிட்டு வரலாமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "இந்த வெயில்லயா? பிள்ளைகளை வெச்சுக்கிட்டா?" என்பார் இவர். அவர் சொல்வதும் சரிதான்.

அதனால் சென்ற தை மாதம் ஒரு புதன்கிழமை, பிள்ளைகள் இல்லாமல், யாருமே இல்லாமல், நான் மட்டும் போவதென்று முடிவு செய்தேன். எதற்கு என்று கேட்டால் என்னிடம் காரணம் கிடையாது. வேண்டுதல் இல்லை, விசேஷம் இல்லை. ஒரு நாள் என் இஷ்டத்துக்கு நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதை வீட்டில் எப்படிச் சொல்வது? "சும்மா சுற்றிப் பார்க்கத் தனியாகப் போகிறேன்" என்று ஒரு குடும்பப் பெண் சொன்னால் என்ன நினைப்பார்கள்? கீரனூரில் என் சின்னம்மா வீடு இருக்கிறது. நார்த்தாமலையைத் தாண்டித்தான் கீரனூர். "சின்னம்மாவுக்கு முட்டி வலி அதிகமா இருக்காம் அத்தே, ஒரு எட்டுப் பார்த்துட்டு சாயங்காலம் வேன் வர்றதுக்குள்ள வந்துடறேன்" என்றேன். மாமியார், "பாவம், போயிட்டு வா. கொஞ்சம் பிரண்டைத் தொக்கு குடுத்தனுப்பறேன்" என்று பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கியபோது சுருக்கென்றது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

புதுக்கோட்டையிலிருந்து நார்த்தாமலை விலக்கு பதினேழு கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். அங்கே இறங்கி ஊரை நோக்கி நடந்தேன். இங்கே சின்னதும் பெரிசுமாக ஒன்பது குன்றுகள் என்று கணக்குச் சொல்வார்கள். மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொன்மலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது உதிர்ந்த துண்டுகள் இவை, அதனால்தான் மூலிகைகள் இருக்கின்றன என்று ஊரில் ஒரு கதையும் உண்டு. நான் ஏறியது மேலமலை.

ஏற ஆரம்பித்தால் பாறைச் சரிவுதான். ஆனால் பயப்படும்படி இல்லை. பாதி வழியில் பாறையிலேயே ஒரு பெரிய சுனை. தலையருவிச் சிங்கம் என்று பெயர். அந்தத் தண்ணீருக்கு அடியில் பாறையைக் குடைந்து ஒரு சிவலிங்கம் இருக்கிறது. புதுக்கோட்டையை ராமச்சந்திர தொண்டைமான் (1839–1886) ஆண்ட காலத்தில், ராணி அந்தத் தண்ணீர் முழுவதையும் இறைக்கச் செய்து லிங்கத்தைக் கும்பிட்டிருக்கிறார். நான் போனபோது தண்ணீர் பச்சையாகத் தளும்பி நின்றது. ராணிக்கு ஆள் அம்பு இருந்தது. நான் கரையிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே நடந்தேன்.

மேலே போனதும் விஜயாலய சோழீச்சரம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கோயில். வெளியே சதுரக் கட்டு, உள்ளே வட்டமான கருவறை. சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள். சாத்தன் பூதி என்கிற முத்தரையர் தலைவர் கட்டியதாகவும், மழையில் இடிந்துபோனதை மல்லன் விதுமன் என்பவர் எடுத்துக் கட்டியதாகவும் கல்வெட்டு இருக்கிறது. கோயிலுக்கு எதிரே பாறையில் இரண்டு குகைகள். பெரிய குகைக்குச் சமணர் குடகு என்று பெயர். முதலில் சமணர்களுடையதாக இருந்து, 13ஆம் நூற்றாண்டில் பெருமாள் கோயிலாக மாறியது. உள்ளே ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு விஷ்ணு சிலைகள் சுவரிலேயே செதுக்கப்பட்டிருக்கின்றன. முன்மண்டபத்தின் அடித்தளத்தில் யானைகளும் யாளிகளும் வரிசையாகப் போகின்றன.

என் மனசைப் பிடித்தது சின்னக் குகைதான். பழியிலி ஈசுவரம். நிருபதுங்க பல்லவன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், சாத்தன் பழியிலி என்பவர் குடைந்தது. அவர் குகையை மட்டும் குடைந்தார். முன்மண்டபமும் நந்தியும் பலிபீடமும் செய்து வைத்தது யார் தெரியுமா? அவருடைய மகள். பழியிலி சிறிய நங்கை என்று அந்த அம்மாளின் பெயரே கல்லில் இருக்கிறது. இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, இன்னது செய்தாள் என்று தெளிவாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெண் ஒருத்தி இந்த மலையில் செய்ததை ஊரறியச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நானோ கீரனூரில் இருப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு அதே பாறையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டேன். (தொட்டுக்கொள்ளச் சின்னம்மாவின் பிரண்டைத் தொக்கு!)

இதோடு நான் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. இந்தப் பக்கத்து மலைகளில் கோயிலாக மாறாத இயற்கைக் குகைகளும் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கருங்கல் பாறை வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல் போலப் பொறை பொறையாக உரியும். உரிந்த பாறைக்கு அடியில் ஆள் படுக்கிற அளவுக்கு இடுக்கு உண்டாகும். அந்த மாதிரி ஒன்றை நானே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசை. குகைகளுக்கு மேலே ஏறி, வழி எதுவும் இல்லாத மலை முதுகில் நடக்க ஆரம்பித்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. காற்று சேலைத் தலைப்பைப் பிய்த்தெறிந்தது. காரைச் செடியும் கள்ளியும் பாறை வெடிப்புகளில் முளைத்துக் கிடந்தன. எங்கோ கீழே மயில் அகவியது. "அம்மா", "இங்கே பாரு", "என் சட்டை எங்கே" என்று ஒரு குரல் இல்லை. கடைசியில் என் குகையும் கிடைத்தது! குகை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெரும்பாறை இன்னொன்றின் மேல் சாய்ந்து நின்ற நிழல். வௌவால் நாற்றம். தரையில் ஒரு முள்ளம்பன்றி முள் கிடந்தது. சின்னவனுக்கு என்று எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது: கீரனூரில் முள்ளம்பன்றி முள் எங்கே கிடைத்தது என்று கேட்டால் என்ன சொல்வது? திரும்ப எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு இறங்கலாம் என்று கிளம்பினேன். அங்கிருந்து பார்த்தால் ஊருக்குப் போகிற பாதை கீழே பக்கத்தில் தெரிந்தது. வந்த வழியே சுற்றிக்கொண்டு போவானேன், இப்படியே நேராக இறங்கிவிடலாமே என்று தோன்றியது. சகோதரிகளே, நான் செய்த தப்புகளிலேயே காலால் செய்த தப்பு இதுதான். இந்த மொட்டைப் பாறைகள் கவிழ்த்த சட்டி மாதிரி. உச்சியில் சமதளமாக இருக்கும். இறங்க இறங்கச் சரிவு கூடும். மேலே நிற்கிறவர்களுக்குக் கீழே இருக்கிற செங்குத்துத் தெரியவே தெரியாது. பத்தடி இறங்கினேன், சுலபமாக இருந்தது. இன்னும் பத்தடி, உட்கார்ந்துகொண்டு இறங்கினேன். அப்புறம் செருப்பு வழுக்கி, உள்ளங்கை சிராய்த்து, ஒரு பெஞ்சு அகலத் திட்டில் வந்து நின்றேன். கீழே பார்த்தால் சுவர். மேலே ஏறலாம் என்று கால் வைத்தால் வழுக்குகிறது. ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் கத்துகிற பூனைக்குட்டியின் கதிதான்.

கொண்டு போனது ஒரே ஒரு அரை லிட்டர் பாட்டில் தண்ணீர். ஏன் அவ்வளவு குறைவு? உங்களுக்குத் தெரியாததா! வெளியே போனால் ஒதுங்க இடம் இருக்காது என்று தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. தை மாத வெயில்தானே என்று நினைத்தேன். ஆனால் காலையிலிருந்து காய்ந்த பாறை அடுப்புக் கல் மாதிரி சூட்டைத் திருப்பி வீசியது. அரை மணியில் தண்ணீர் தீர்ந்தது. தலை கிறுகிறுத்தது. கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொண்டது. வயிற்றைப் புரட்டியது.

கைப்பையில் போன் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். சிக்னல் நன்றாகவே இருந்தது!

இப்போது சொல்கிறேன் பாருங்கள், நான் வெட்கப்படுகிற விஷயம். இவர் நம்பரை எடுத்தேன். அழுத்தவில்லை. என்னவென்று சொல்வது? "நான் கீரனூரில் இல்லை, நார்த்தாமலையில் பாறையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்" என்றா? "யாரோடு போனாய்?" என்றுதானே முதல் கேள்வி வரும்? தனியாக வந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? மாமியார் கொடுத்த தொக்குப் பாட்டில் கண்முன் வந்தது. போனைத் திரும்பப் பையில் வைத்துவிட்டேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்தேன். கால் தவறினால் பிள்ளைகளுக்குத் தாய் இல்லை. அது தெரிந்தும், பொய் வெளியே வந்துவிடுமே என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காப்பாற்றியது ஆடு. கீழே புதர்ப்பக்கம் மணிச் சத்தம் கேட்டது. "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினேன். புதர் விலகி, தலையில் துண்டைச் சும்மாடாகக் கட்டிய ஒரு வயசான அம்மாள் அண்ணாந்து பார்த்தார்.

"அடி ஆத்தி! அங்கிட்டு எப்படிப் போன தாயி? எறங்காத, எறங்காத! எறங்குனா எலும்பு மிஞ்சாது. வந்த மாதிரியே மேல ஏறு."

"ஏற முடியலை ஆத்தா, வழுக்குது."

"செருப்பக் கழத்திக் கீழ போடு. வெறுங்கால வையி. பாதம் பூராப் பதியணும். பாறையில படுத்து ஊராத, நிமிந்து நில்லு. கருப்பாக் கோடு ஓடுதுல்ல, அதுல மிதிச்சிராத. மழத்தண்ணி ஓடுன எடம், பாசி இருக்கும். சோத்துக்கைப் பக்கம் ஒரு வெடிப்பு இருக்கு பாரு, அதப் புடிச்சுக்கிட்டே போ."

பயத்தில் பாறையோடு ஒட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. ஆனால் அவர் சொன்னபடி நிமிர்ந்து நின்றதும் பாதம் பிடித்துக்கொண்டது! படுத்தால் பாரம் கைக்குப் போகும், கால் வழுக்கும். நிமிர்ந்தால் உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்காலில் இறங்கும் என்பது பிற்பாடு யோசித்தபோதுதான் விளங்கியது. சூடு பொறுக்க முடியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு அடியாக, அவர் கீழிருந்து சொல்லச் சொல்ல, மேலே வந்து சேர்ந்தேன். அவர் வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு எனக்கு முன்னால் அங்கே வந்து நின்றார். வயசு அறுபதுக்குக் குறையாது. மூச்சுக்கூட வாங்கவில்லை.

தூக்குவாளியிலிருந்து நீச்சத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். உப்புப் போட்டுக் கரைத்த பழைய சோற்றுத் தண்ணீர். இரண்டு குவளை குடித்தேன். கால் மணியில் கிறுகிறுப்பு நின்றது. வேர்வையில் போன நீரையும் உப்பையும் ஒன்றாகத் திருப்பிக் கொடுத்தது அது.

"ஊட்டுல சொல்லிட்டு வந்தியா தாயி?" என்றார்.

"இல்லை ஆத்தா."

அவர் திட்டவில்லை. "நான் முப்பது வருசமா இங்கிட்டுத்தான் ஆடு மேக்கிறேன். ஒத்தையாத்தான் வாறேன். ஆனா காலையில கெளம்பறப்பவே, இன்னிக்கு இந்தப் பக்கம் போறேன்னு மருமககிட்டச் சொல்லிட்டுத்தான் வருவேன். பொழுது சாஞ்சும் வரலைன்னா எங்கன தேடறதுன்னு ஒரு ஆளுக்காவது தெரியணுமில்ல?" என்றார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. பிரண்டைத் தொக்குப் பாட்டிலை மட்டும் வாங்கி மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

வேன் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வீடு வந்து சேர்ந்தேன். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். குனிந்து என் சேலைக் கரையைப் பிடித்தார்.

"ஏண்டி, சின்னம்மா வீட்டு வாசல்ல இவ்வளவு ஒட்டுப்புல்லா முளைச்சுக் கெடக்கு?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி அவர் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் காபியைக் கையில் கொடுக்கும்போதுதான் வாயைத் திறந்தார். "நீ மலைக்குப் போனதுல எனக்குக் கோவம் இல்லை. உனக்கு ஒண்ணு ஆகியிருந்தா நாங்க எங்கே தேடியிருப்போம்? கீரனூர்லதானே தேடியிருப்போம்? ராத்திரி முழுக்க அதைத்தான் நினைச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இவர், "என்கிட்ட கேட்டிருக்கலாமே?" என்றார். "கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "விட்டிருக்க மாட்டேன்தான்" என்று ஒப்புக்கொண்டார். அந்த உண்மைக்காக அவரை மெச்சிக்கொண்டேன். தப்பில் பாதிதான் என்னுடையது என்று இரண்டு பேருக்குமே புரிந்தது.

இதைப் படிக்கிற மாமியார்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் (ரகசியமாகப் படிப்பார்கள், எனக்குத் தெரியும்!) ஒரு வார்த்தை. பெண்கள் தனியாக எங்கேயாவது போவது ஆபத்து என்று நினைக்கிறீர்கள். ஆனால் அன்று என்னை ஆபத்தில் நிறுத்தியது தனிமை மட்டுமல்ல. உண்மையைச் சொல்லிவிட்டுப் போக முடியாத நிலைமை. "எதுக்கு? யாரோட?" என்று கேட்கிற வீட்டில் பெண் போகாமல் இருந்துவிட மாட்டாள், சொல்லாமல் போவாள். "எங்கே போறே? எந்த பஸ்? எப்போ வருவே?" என்று கேட்கிற வீட்டில் சொல்லிவிட்டுப் போவாள். இரண்டும் கேள்விதான். பின்னது அவளைப் பாதுகாக்கும்.

1975ஆம் வருஷம் மே மாதம் ஜப்பானைச் சேர்ந்த ஜுன்கோ தாபெய் என்ற பெண்மணி எவரெஸ்ட் உச்சியில் ஏறினார். உலகத்திலேயே அங்கே ஏறிய முதல் பெண் அவர்தான். அப்போது அவர் ஒரு சின்னக் குழந்தைக்குத் தாய். குழந்தையை வீட்டார் பார்த்துக்கொள்ள, எங்கே போகிறார் என்பது ஊருக்கே தெரிந்துதான் போனார். எவரெஸ்ட் எங்கே, மேலமலை எங்கே! ஆனாலும் "நான் போகிறேன், நீங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்கிற அந்த வாக்கியம் எல்லா மலைக்கும் ஒன்றுதான்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. மாசி கடைசியில் மறுபடி ஒரு நாள் சித்தன்னவாசலுக்குத் தனியாகப் போனேன். காலண்டர் தாளில் இடம், பஸ், திரும்பும் நேரம் எழுதி வைத்தேன். பாதையை விட்டு ஓர் அடி விலகவில்லை. அங்கே ஏழடிப்பட்டம் என்ற குகைக்குப் போகப் பாறை விளிம்பில் ஏழு படிக்குழிகள் வெட்டியிருக்கிறார்கள். இப்போது கம்பித் தடுப்பும் இருக்கிறது. உள்ளே வழவழவென்று தேய்த்த பதினேழு கல்படுக்கைகள், தலையணை மாதிரி மேடு வைத்து! ஒரு படுக்கையில் இரண்டாயிரம் வருஷத்துத் தமிழ் எழுத்து. வீட்டைத் துறந்த சமணத் துறவிகள் அங்கே தனியாக இருந்திருக்கிறார்கள். நாம் துறக்க வேண்டாம். நாலு மணி வேனுக்குத் திரும்பிவிடலாம். குகை வாசலில் நின்று வீட்டுக்குப் போன் செய்து, "அத்தே, வந்து சேர்ந்துட்டேன்" என்றேன். "தண்ணி குடிச்சியா?" என்றுதான் கேட்டார்.

நீங்களும் போக நினைத்தால் இவற்றை மட்டும் மறக்காதீர்கள்:

* எங்கே போகிறீர்கள், எந்த வழி, எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடமாவது உண்மையாகச் சொல்லுங்கள். குறித்த நேரம் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

* முதல் தடவையே பாதையை விட்டு விலகாதீர்கள். பழகாத பாறையில் ஏறிய வழியிலேயே இறங்குங்கள். அடி தெரியாத சரிவில் குறுக்குவழி வேண்டாம். காப்புக்காடு என்று பலகை இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

* அரை நாளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒதுங்க இடமில்லை என்று குடிக்காமல் இருப்பது சிறுநீர்த் தொற்றைக் கூப்பிட்டு உட்கார வைப்பது போல. கிளம்பும் முன்பும், ஊருக்குள் வசதி உள்ள இடத்திலும் போய்விட்டு, பிறகு தாராளமாகக் குடியுங்கள்.

* ஒரு லிட்டர் சுத்தமான நீரில் சமமாக வழித்த ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். உப்பு அளவு கூடக் கூடாது. தலைசுற்றல், குமட்டல், சதைப் பிடிப்பு வந்தால் உடனே நிழலில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்ப அதிர்ச்சி. உடம்பை நனைத்துக் காற்று வீசிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

* மார்கழியிலிருந்து மாசி வரை நல்ல காலம். விடிந்ததும் ஏறி, பதினொரு மணிக்குள் இறங்கிவிடுங்கள். மழை நாளில் பாறைப் பக்கமே வேண்டாம்.

* பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட ஷூ போடுங்கள். சேலையைவிடச் சுடிதார் வசதி. பாறை இடுக்கில் கையை விடாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம்; கடித்த இடத்தை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வைத்தியம்.

* மலைத் தேனீக் கூடு கண்ணில் பட்டால் சத்தம் போடாமல் விலகிவிடுங்கள். சென்ட் பூசிக்கொண்டு போக வேண்டாம். சுனைகளில் இறங்க வேண்டாம். பாசியும் ஆழமும் தெரியாது.

* போனில் முழு சார்ஜ் வேண்டும். அதைவிட முக்கியம், அதை எடுத்துப் பேசத் தயங்காத மனசு வேண்டும்.

அந்த ஆத்தாளைப் பார்க்கப் போன வாரம் மாமியாரும் நானும் நார்த்தாமலைக்குப் போனோம். "எங்க மருமகளுக்குத் தண்ணி குடுத்தவுகளுக்கு வெறுங்கையோட போறதா?" என்று மாமியார் புதிதாகத் தொக்குக் கிளறி எடுத்துக்கொண்டார். ஆத்தாள் அன்று வீட்டில் இல்லை. மருமகளைக் கேட்டோம்.

"இன்னிக்கு வடக்க போறேன்னு சொல்லிட்டுப் போச்சு. பொழுதுசாய வந்துரும்" என்றாள், கையை நீட்டித் திசையைக் காட்டி.

தொக்கு செய்கிற முறையை அடுத்த இதழில் எழுதுகிறேன்.